நாய்க்கா என்று கேட்ட எலும்பும் ஒரு கிண்ணம் ஃபோவும்

கோழிக்கடையில் இரண்டு கிலோ எலும்பு கேட்டேன். "நாய்க்கா அக்கா?" என்றார் கடைத் தம்பி. எங்களுக்குத்தான் என்றேன். நம்பாமல் ஒருமுறை பார்த்தார். பிறகு, எலும்பில்லாத இறைச்சி அரிந்தபின் மிஞ்சிக் கிடந்த கூடுகளையும் கழுத்துகளையும் பையில் அள்ளிப் போட்டு, கால்களைக் காசு வாங்காமல் சேர்த்துக் கொடுத்தார். 60 ரூபாய்.

அதற்கு முந்தைய வாரம்தான் கோயம்புத்தூரில் ஓர் உணவகத்தில் ஒரு கிண்ணம் வியட்நாம் நூடுல்ஸ் சூப்புக்கு 650 ரூபாயும் வரியும் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். விலையைக்கூட மன்னித்துவிடலாம். சாற்றில் எலும்பின் தடயமே இல்லை. சூப் கட்டியை வெந்நீரில் கரைத்து, படம் எடுப்பவர்களுக்காக மேலே ஓர் அன்னாசிப்பூவை மிதக்கவிட்டிருந்தார்கள். கிண்ணத்தில் அன்னாசிப்பூ மிதப்பதைக் கண்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. அது சாற்றுக்குள் வேலையை முடித்துவிட்டு வெளியேற வேண்டிய பொருள்.

நான் திருப்பூர்க்காரி. ஆயத்த ஆடைகளின் தரம் பார்க்கும் வேலை. அதற்காக இரண்டு ஆண்டுகள் வியட்நாம் தலைநகர் ஹனோயில் இருந்தேன். அந்த நூடுல்ஸ் சூப்புக்குப் பெயர் ஃபோ. நமக்கு இட்லிக்கடை எப்படியோ அப்படித்தான் அங்கே ஃபோ கடை. காலை ஆறரைக்கு நடைபாதையில், முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் முக்காலியில் குந்தி, அலுவலகத்துக்குப் போகிறவரும் கட்டட வேலைக்குப் போகிறவரும் ஒரே அண்டாவிலிருந்து வாங்கிச் சாப்பிடுவார்கள். பத்து மணிக்குப் போனால் பல கடைகளில் அண்டாவைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருப்பார்கள். (ஃபோ என்று நான் எழுதுவது வசதிக்காகத்தான். அவர்கள் சொல்வது 'ஃப'வுக்கும் 'ஃபெ'வுக்கும் நடுவில், கேள்வி கேட்பதுபோல் இறங்கி எழும் ஓர் ஒலி. இரண்டு ஆண்டுகளில் எனக்கு அது ஒருமுறைகூடச் சரியாக வரவில்லை. ஆனாலும் கிண்ணம் வந்துவிடும்.)

ஆகவே இதைப் பணக்காரப் பண்டமாக இங்கே விற்பதைப் பார்த்தால் கோபம் வருகிறது. அது பிறந்ததே பிறர் வேண்டாம் என்று ஒதுக்கிய எலும்பில்.

வேலை நிமித்தம் நாம் தின் நகரத்துக்குப் பலமுறை போயிருக்கிறேன். ஹனோய்க்குத் தெற்கே உள்ள ஊர். தமிழில் எழுதினால் சாப்பிடக் கூப்பிடுவதுபோல் இருக்கிறது, பொருத்தம்தான். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே பெரிய பஞ்சாலை எழுந்த ஊர், நம் ஊருக்குத் தூரத்துப் பங்காளி. ஃபோ பிறந்த இடம் இதுதான் என்று அந்த ஊர்க்காரர்களும், இல்லை, எங்கள் தெருக்களில்தான் என்று ஹனோய்க்காரர்களும் சண்டை போடுவார்கள். 2024-இல் வியட்நாம் அரசு இரண்டு ஊர் ஃபோவையும் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துவிட்டது, புத்திசாலித்தனமாக. எந்த ஊர் என்பதில்தான் தகராறு. நடந்த விதத்தைப் பலரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். அங்கே மாடு என்றால் உழவுக்கு, வண்டிக்கு. பிரெஞ்சுக்காரர்கள் வந்தபின் மாட்டிறைச்சிக்குக் கிராக்கி வந்தது. நல்ல கறி அவர்கள் மேசைக்குப் போனது, எலும்பும் சவ்வும் மிஞ்சின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த மிச்சத்தை வாங்கி, இரவெல்லாம் மெல்லக் காய்ச்சி, தோளில் காவடிபோல் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றார்கள். ஒரு பக்கம் அடுப்பும் அண்டாவும், மறுபக்கம் கிண்ணங்களும் நூடுல்ஸும்.

கோழி ஃபோ அதற்குப் பின்னால் வந்தது. 1939 வாக்கில் வாரத்தில் இரண்டு நாள் மாட்டிறைச்சி விற்கக் கூடாது என்று தடை வந்ததாகவும், கடைக்காரர்கள் வேறு வழியின்றிக் கோழிக்கு மாறியதாகவும் சொல்வார்கள். பின்னாளில் அமெரிக்காவோடு நடந்த போர்க்காலத்தில் அதற்கும் வழியில்லை. அரசுக் கடைகளில் கறித்துண்டே இல்லாத ஃபோ விற்றார்கள். ஹனோய் மக்கள் அதற்கு 'விமானி இல்லாத ஃபோ' என்று பெயர் வைத்தார்கள். தலைக்கு மேலே பறந்த அமெரிக்க ஆளில்லா உளவு விமானங்களைப் பார்த்து வைத்த பெயர். குண்டு விழும் ஊரில் இப்படிக் கேலி பேச எப்படித்தான் மனம் வந்ததோ! சாறும் நூடுல்ஸும் மட்டும் கிண்ணத்தில் இருந்தபோதும் அவர்கள் அதை ஃபோ என்றே அழைத்தார்கள். எனக்கு இதுதான் முக்கியம். வீட்டில் சிக்கனமாகச் செய்யும்போது கறியில் தாராளமாகக் கை வைக்கலாம். சாற்றில் வைக்கக் கூடாது.

என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆறு கிண்ணத்துக்கு எலும்பு 60 ரூபாய், கறிக்காகக் கொஞ்சம் கோழி 120, அரிசி நூடுல்ஸ் ஒரு பாக்கெட் 160, வெங்காயம் இஞ்சி தழைகள் 40, மசாலாவும் நுவோக் மாம் என்ற மீன் சாஸும் சேர்த்து 40. மொத்தம் 420. கிண்ணம் 70 ரூபாய், கேஸ் தனி.

அந்தக் கேஸ்தான் வில்லங்கம். எட்டு மணி நேரம் காய்ச்சு என்று எழுதுகிறவர்கள் யாரும் சிலிண்டர் வாங்குகிறவர்களாகத் தெரியவில்லை. நான் குக்கரில்தான் செய்கிறேன். குக்கரில் வைத்தால் சாறு கலங்கும் என்பார்கள். கலங்குவது குக்கரால் அல்ல, விசிலால். சாறு கொதித்துப் புரளும்போது கொழுப்பு அடிபட்டு நீரோடு கலப்பதால்தான் அது வெளுத்துக் கலங்குகிறது. குக்கருக்குள் அழுத்தம் நிலையாக இருக்கும்வரை நீர் அப்படிப் புரளாது. விசில் அடிக்கும் நொடியில் அழுத்தம் சட்டென்று இறங்க, உள்ளே எல்லாம் பொங்கி எழும். எனவே முதல் விசில் வரப்போகிறது என்று தெரிந்ததும் தீயை அடிமட்டத்துக்குக் குறைத்து, விசிலே இல்லாமல் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். அணைத்தபின் அழுத்தம் தானாக அடங்க வேண்டும், கரண்டியால் தூக்கிவிடக் கூடாது. விசில் எண்ணியே சமைத்துப் பழகிய நமக்கு அந்த ஒரு மணி நேர அமைதி கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.

அதற்கு முன் எலும்பைத் தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, நுரையும் அழுக்குமாக வரும் அந்த நீரைக் கொட்டிவிட்டு, எலும்பைக் கழுவ வேண்டும். இந்த இடத்தில் எங்கள் வீட்டில் ஒவ்வொரு முறையும் தகராறு. "சத்தையெல்லாம் சாக்கடையில் ஊற்றுகிறாயே" என்பார் அத்தை. அதைக் கொட்டாமல் செய்தால் சாற்றில் கவிச்சி ஏறும், நிறமும் கெடும். நான் ஊற்றிவிடுவேன், அத்தை முணுமுணுப்பார்.

வெங்காயத்தையும் இஞ்சியையும் தோலோடு நேராகத் தீயில் காட்டி, சுட்ட கத்தரிக்காய்போல் மேலே கருகவிட்டு, கருகலைச் சுரண்டிவிட்டுப் போட வேண்டும். செலவே இல்லாத வேலை, ஃபோவின் வாசனையில் பாதி இதிலிருந்துதான் வருகிறது. மாட்டெலும்பு கிடைத்துச் செய்கிறவர்கள் மூன்று லிட்டருக்கு இரண்டு அன்னாசிப்பூ, விரல் நீளப் பட்டை, மூன்று கிராம்பு, ஒரு கரண்டி மல்லியை வறுத்துத் துணியில் கட்டிப் போட்டு, அரை மணியில் எடுத்துவிடலாம். கோழிக்கு அதிலும் பாதி போதும். நம் கை இங்கேதான் அடங்காது. இன்னும் இரண்டு பூ, கொஞ்சம் சோம்பு என்று சேர்த்தால் பரோட்டாவுக்குச் சால்னா தயார். நம் மளிகைக்கடைக்கு வரும் அன்னாசிப்பூவில் பெரும்பகுதி வியட்நாமிலிருந்துதான் வருகிறது. அங்கே லாங் சோன் மலைப்பகுதியில் இதற்கென்றே தோட்டங்கள் இருக்கின்றன. அத்தனை விளைவிக்கிறவர்களே இரண்டு பூவோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இனிப்புக்கு அவர்கள் போடுவது நம் பெரிய கற்கண்டேதான். ஒரு சிறு கட்டி போதும்.

காசு செலவழிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று, நுவோக் மாம். நெத்திலியை உப்பிட்டு, ஓராண்டு அளவுக்குத் தொட்டியில் ஊறவைத்து வடிக்கும் திரவம். பாட்டிலில் மீன், உப்பு, மிஞ்சிப்போனால் கொஞ்சம் சர்க்கரை, இவற்றுக்கு மேல் எழுதியிருந்தால் வாங்காதீர்கள். விலை கடிக்கும், ஆனால் ஒரு பாட்டில் மாதக்கணக்கில் வரும். அடுப்பை அணைத்தபின் கடைசியில் ஊற்ற வேண்டும். இதற்குப் பதில் சோயா சாஸ் ஊற்றலாமா என்று கேட்காதீர்கள். ஊற்றலாம், வேறு ஏதோ ஒரு சூப் கிடைக்கும். கருவாடு வறுக்கும் அத்தையே இந்த வாசனைக்கு மூக்கைப் பொத்துகிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சைவர்கள் ஏங்க வேண்டியதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மரக்கறி மட்டும் உண்ணும் வழக்கம் அங்கேயும் உண்டு. வெள்ளை முள்ளங்கி, கேரட், காளான் போட்டுக் காய்ச்சும் சைவ ஃபோ பல கடைகளில் கிடைக்கும். சைவமென்றால் சோயா சாஸுக்கும் மன்னிப்பு உண்டு.

துளசி இல்லை, முளைகட்டிய பயறு இல்லை, அந்தக் கறுப்பு இனிப்புச் சாஸ் இல்லை என்று சிலர் கைவிட்டுவிடுகிறார்கள். அதெல்லாம் தெற்கத்திப் பழக்கம். 1954-இல் நாடு இரண்டானபோது வடக்கிலிருந்து லட்சக்கணக்கானோர் தெற்கே சைகோன் பக்கம் போனார்கள், ஃபோவும் கூடப் போனது. அங்கே தட்டு நிறையத் தழையும் சாஸும் சேர்ந்துகொண்டன. உலகமெங்கும் பரவியது பெரும்பாலும் இந்தத் தெற்கத்திக் கிண்ணம்தான். ஹனோயில் வெங்காயத்தாள், கொத்தமல்லித் தழை, பூண்டு ஊறிய காடி, மிளகாய், அவ்வளவே. என் வீட்டு உரிமையாளர் அம்மாவின் முன்னால் ஒருமுறை அந்தக் கறுப்புச் சாஸைக் கிண்ணத்தில் ஊற்றினேன். ஒன்றும் சொல்லவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையில் காசில்லாதவர்கள் ஹனோய்க் கட்சியில் சேர்ந்துவிடுவது நல்லது. தழை வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு, வீட்டுத் துளசி சரிவராது. திருநீற்றுப் பச்சிலையைத் தேடுங்கள், அவர்கள் போடும் தழையும் அந்த இனம்தான்.

நூடுல்ஸ் பட்டையாக, அரிசியில் செய்ததாக இருக்க வேண்டும். அரை மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, கொதிநீரில் அரை நிமிடம் முக்கி எடுத்தால் போதும். சாற்றிலேயே போட்டு வேகவைத்தால் கஞ்சி. பட்டை கிடைக்காமல் மெல்லிய அரிசிச் சேவைதான் கையில் இருக்கிறதென்றால் அதிலும் செய்யலாம், ஆனால் ஃபோ என்று சொல்லாதீர்கள். மெல்லிய நூலுக்கு அவர்கள் புன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோழிச் சாற்றில் அதைப் போட்டு, மெல்லிதாகக் கிழித்த கோழியும் நூலாக அரிந்த முட்டை அடையும் வைத்துச் செய்யும் ஹனோய்ப் பண்டம் ஒன்று உண்டு, புன் தாங் என்று. புத்தாண்டு விருந்தின் மிச்சங்களைக் கொண்டு செய்யத் தொடங்கியது என்பார்கள்.

முட்டையிட்டு ஓய்ந்த கோழி மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள். கறி ரப்பர்தான், சாறு அமிர்தம். தோலை உரிக்காமல் வாங்குங்கள். மேலே மிதக்கும் மஞ்சள் மினுமினுப்பு அதிலிருந்துதான் வரும்.

பஞ்ச காலத்தில் ஹனோய்க்காரர்கள் வீட்டிலிருந்து ஆறிய சோற்றைக் கொண்டுபோய்க் கடைச் சாற்றில் போட்டுச் சாப்பிட்டதை அந்த வீட்டு உரிமையாளர் அம்மா ஒருமுறை சொன்னார், கொஞ்சம் வெட்கத்தோடு. போன ஞாயிற்றுக்கிழமை நூடுல்ஸ் தீர்ந்துபோய் இரண்டு கரண்டிச் சாறு மிஞ்சியது. இரவு பத்து மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து போனால், சமையலறையில் அத்தை மதியச் சோற்றில் அந்தச் சாற்றை ஊற்றி, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வீணாகப் போகிறதே என்றுதான்" என்றார்.