ரெவிட் வாங்கினால் பிம் வந்திடாது

“பிரித்தானியாவில 2016இல இருந்து பிம் இல்லாமல் ஒரு கட்டடமும் கட்டேலாது, ரெவிட் போட்டாலே செலவு 20 வீதம் குறையும், வன்னியிலயும் உடனே கட்டாயமாக்க வேணும்” எண்டு எழுதியிருக்கிறீர் தம்பி. பிம் (BIM) எண்டது கட்டடத்தைக் கட்ட முதலே அதின்ர தகவல்களோட கணினியில மொடலாக்கி, எல்லாரும் அதை வைச்சு வேலை செய்யிற முறை.

2016 ஏப்ரலில வந்த கட்டாயம் அங்கத்தைய மத்திய அரசு செய்விக்கிற வேலைகளுக்கு மட்டும். தனியார் வீடு, கடைக்கு இல்லை. 20 வீதமும் பிரித்தானிய அரசு 2011இல போட்ட கட்டுமானத் திட்டம் முழுமைக்கும் வைச்ச இலக்கு. பிம் அதில ஒரு பங்குதான். ரெவிட் அந்த மொடலைச் செய்யிற ஒரு மென்பொருள். ஆர், எந்தத் தகவலை, எப்ப, ஆரிட்டக் குடுக்கிறது எண்ட ஒழுங்குதான் பிம். 2018இல வந்த ஐ.எஸ்.ஓ 19650 எண்ட சர்வதேசத் தரநிலை பேசுறதும் அதைத்தான்.

லாபம் எங்க வருது எண்டு பாரும். கொங்கிறீற் இறுகினபிறகுதான் மலசலகூடக் குழாய் கொங்கிறீற் உத்தரத்துக்குள்ளால போக வேணும் எண்டு தெரியவரும். பிறகு கோர் மெசினால துளைச்சு, உள்ள கம்பியையும் அறுப்பாங்கள். மொடலில இது முதலே பிடிபடும், ஆனால் குழாயும் மொடலில இருக்கவேணும்! கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குழாய் எங்கால போறதெண்டு சைட்டில நிண்டு முடிவெடுக்கிற பிளம்பரைத்தான் கன இடத்தில காணலாம். அது மொடலுக்கு எப்பிடித் தெரியும்?

பயனை மதிப்பிடுறதெண்டால் இடிச்சுத் திருப்பிக் கட்டின வேலை, வேரியேஷன் தொகை (ஒப்பந்தத்துக்குப் பிறகு மாறின வேலைக்கான காசு), சைட்டில இருந்து போன கேள்விகள், மறுமொழிக்கு எடுத்த நாள் எல்லாத்தையும் எண்ண வேணும். அதையும் அதேமாதிரியான, பிம் இல்லாமல் கட்டின கட்டடத்தோட ஒப்பிட வேணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு இவ்வளவும் செய்யலாம். வவுனியாவில ஒரு மாடிக் கடைக்கு ஒழுங்கான பிளானும் நேரத்துக்கு வாற கியூ.எஸ்ஸும் (வேலையின்ர அளவையும் செலவையும் கணக்கிடுறவர்) காணும்.