பேர் இல்லாத பூனைக்கு வைத்தியம் கிடையாதாம்!

கண்ணு ரெண்டும் பீளை கட்டி ஒட்டிக் கிடக்கு. மூக்கு அடைச்சு வாயைத் திறந்து மூச்சு வாங்குது. அந்தப் பூனைக்குட்டியைத் துண்டுல சுத்திக்கிட்டு பிராணிகள் ஆஸ்பத்திரி கவுன்ட்டர்ல நிக்கிறேன். அந்தப் பொண்ணு நிமிர்ந்துகூடப் பார்க்காம கேட்ட முதல் கேள்வி: "பெட் நேம்?"

பேர்லாம் இல்லைங்க, எங்க தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி கிடந்து கத்திட்டு இருந்தது.

"நேம் இல்லாம சிஸ்டம் எடுக்காது மேடம்."

சரி, குட்டின்னு போடுங்க. போட்டாச்சு. "ப்ரீட்?" தெருப்பூனைங்க. "அப்படி ஒரு ஆப்ஷன் இல்லையே." பெர்ஷியன் இருக்காம், சயாமீஸ் இருக்காம். இந்த ஊர்ல ஒவ்வொரு மதில் மேலயும் உட்கார்ந்திருக்கிறது மட்டும் லிஸ்ட்ல இல்லையாம். "டேட் ஆஃப் பர்த்?" அதை அதோட ஆத்தாகிட்டதான் கேக்கணும், அவ எங்க போனான்னே தெரியல. பல்லு முளைச்சிருக்கு, ஒரு மாசம் இருக்கும்னு வைங்களேன். "டேட் வேணும் மேடம்." ஒருவழியா ஒண்ணாம் தேதின்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. அப்படியே நட்சத்திரம், ராசியும் கேட்டிருந்தா ஜாதகமே கணிச்சிருக்கலாம். "வாக்சினேஷன் ஆயிடுச்சா?" ஏம்மா, அந்த ஊசியே ஆறு வாரம் ஆனாதான் ஆரம்பிப்பாங்க, இது இன்னிக்கு ராத்திரி தாண்டுமான்னு நான் பயந்துட்டு நிக்கிறேன்.

இவ்வளவு நேரமும் கையில அது வாயைத் திறந்து திறந்து மூடுது. யாருக்கும் அது கண்ணுல படல. பிரிண்டர்ல பேப்பர் சிக்கினது மட்டும் ரெண்டு பேருக்கு உடனே பட்டுது.

அப்புறம் வந்துச்சு பில்லு. ஃபைல் சார்ஜ் 200. கன்சல்டேஷன் 600. எட்டு மணிக்கு மேல ஆயிட்டதால எமர்ஜென்சி சார்ஜ் 500. (ஏழே முக்காலுக்கே வந்துட்டேன். மீதி நேரம் பிறந்த தேதி கண்டுபிடிக்கவே போச்சு.) கடைசியா ஹேண்டிலிங் சார்ஜ் 150. ஹேண்டிலிங்காம்! தராசுல வச்சா 340 கிராம். இந்த வயசுக்கு 400 கிராமாவது இருக்கணும். தலையைத் தூக்கவே தெம்பு இல்லாத ஜீவனைப் பிடிச்சுக்க ஒரு ஆளு, அதுக்கு ஒரு ரேட்டு. புலியைப் பிடிக்கக் கூப்பிட்டா இவங்க என்ன பில்லு போடுவாங்க?

டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன், மனுஷன் பொறுமையா பார்த்தார். பூனைங்களுக்கு வர்ற சளிக் காய்ச்சலாம், வைரஸ். வைரஸுக்குன்னு நேரடியா பெருசா மருந்து இல்ல. மேல தொத்துற கிருமிக்கு ஆன்டிபயாட்டிக், கண்ணுக்குக் களிம்பு, வெதுவெதுப்பு, சாப்பாடு. மூக்கு அடைச்சா பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியலன்னா சாப்பிடாது, குட்டி சாப்பிடலன்னா சட்டுனு விழுந்துடும், அதனால சாப்பாட்டைச் சூடு பண்ணிக் குடுங்கன்னார். அருமை. ரெண்டு நிமிஷத்துல விஷயம் முடிஞ்சுது.

வெளிய வந்தா எஸ்டிமேட் ரெடி. அட்மிஷன், ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, 12,000. பாதியை இப்பவே கட்டணும். மருந்து மட்டும் எழுதிக் குடுங்க, வீட்ல பார்த்துக்கறேன்னு சொன்னேன். அப்ப வந்துச்சு பாருங்க அந்த டயலாக்: "வசதி இல்லன்னா ஏன் மேடம் வளர்க்கறீங்க?"

நான் எங்க வளர்த்தேன்ம்மா? ஷோரூம்ல போய் கலர் பார்த்து புக் பண்ணிட்டு வந்த மாதிரி பேசுற! கத்திட்டுக் கிடந்துச்சு, தூக்கினேன். அவ்வளவுதான் நான் பண்ணின தப்பு.

"வேப்பேரிக்குப் போயிருக்கலாமே"ன்னு இப்ப கிளம்பி வருவீங்க, தெரியும். 1903ல ஆரம்பிச்ச சென்னை கால்நடைக் கல்லூரி, அங்கயே ஆஸ்பத்திரி, நல்ல இடம், கட்டணமும் கம்மி, எல்லாம் தெரியும். நான் மேடவாக்கத்துல இருக்கேன் சாமி. வாயால மூச்சு விடுறதைத் தூக்கிக்கிட்டு ஆபீஸ் நேர டிராஃபிக்ல ஊரோட அந்தக் கோடிக்குப் போகணும், ஒரு நாள் லீவும் போடணும். மேனேஜர்கிட்ட என்னன்னு சொல்றது? "பூனைக்குச் சளி சார்"னா?

இலவச வைத்தியருங்க வேற. குழந்தைக்குக் குடுக்கிற காய்ச்சல் சிரப்பை ரெண்டு சொட்டு ஊத்துன்னு கீழ் வீட்டு அக்கா. பாராசிட்டமால் பூனைக்கு விஷம்க்கா, அதோட ஈரலால அதை முறிக்கவே முடியாது, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காமப் போயி செத்துடும்னு சொன்னா, "நாங்க பார்க்காத பூனையா"ன்னு முறைக்கிறாங்க. பசும்பால் குடுன்னு பெரியம்மா. அதைக் குடுத்தா வயித்தாலயும் போகும், அப்புறம் அதுக்கு ஒரு ஹேண்டிலிங் சார்ஜ்.

மெடிக்கல்ல சீட்டை நீட்டினேன். "பேஷன்ட் வயசு?" ஒரு மாசம். "வெயிட்டு?" முந்நூத்தி நாப்பது கிராம். அண்ணன் முகம் வெளிறிப்போச்சு. "எந்த ஆஸ்பத்திரிம்மா? குழந்தையை இன்குபேட்டர்ல வைக்கலையா?" பூனைண்ணான்னேன். உள்ள இருந்த பையனைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்லி ரெண்டு பேரும் சிரிச்சாங்க. கோபம் வரணும், எனக்கும் சிரிப்புதான் வந்துச்சு. மொத்த மருந்தும் அந்த ஃபைல் சார்ஜைவிடக் கம்மி.

திரும்பி வர ஆட்டோ பிடிச்சா, துண்டுக்குள்ள எட்டிப் பார்த்துட்டு அம்பது ரூபா கூடக் கேக்கறார். ஏன்? "பூனைம்மா, சகுனம்." யோவ், குறுக்கப் போனாதான்யா சகுனம், இது உள்ள உட்கார்ந்திருக்கு! அம்பது ரூபா வாங்கினா மட்டும் சகுனம் சரியாயிடுமா?

மீட்டர் போடுங்கன்னா ஏதோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி பார்க்கறார். 2013ல முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபான்னு அரசாங்கம் ரேட்டு வச்சுது. அது கட்டுப்படியாகலன்னா சரி, நியாயம், ஏத்திக் கேளுங்க. ஆனா அந்த மீட்டர் பெட்டி மேல எலுமிச்சம்பழம், மிளகாய் கோத்து கட்டி வச்சிருக்கீங்களே, ஓடாத மீட்டருக்கு எவன்யா கண்ணு வைக்கப் போறான்?