பார்க் ஸ்டேஷனில் பார்க் எங்கே?

போன மாசம் பெரியப்பாவை ஊருக்கு ரயிலேற்றிவிட சென்ட்ரல் போயிருந்தேன். வண்டிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம். சாலைக்கு அந்தப் பக்கம் 'பார்க்' என்று போர்டைப் பார்த்தவர், "அங்க மரத்தடியில உக்காந்து சாப்பிட்டுரலாம்டா" என்று புளிசோற்றுப் பொட்டலத்தோடு கிளம்பிவிட்டார். அது ஸ்டேஷன் பேரு பெரியப்பா என்றேன். "பார்க் இல்லாமலா பேரு வச்சான்?"

இருந்தது. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் போட்ட பீப்பிள்ஸ் பார்க். 116 ஏக்கர், 11 குளங்கள், பேண்டு வாசிக்க மேடை. 1840களில் லண்டன் கருவூல அதிகாரியாக இருந்து அயர்லாந்துப் பஞ்சத்தில் கைவிரித்த அதே டிரெவெல்யன்தான் இங்கே சாமானியர் காற்று வாங்க இடம் ஒதுக்கினார். மனுஷனை எந்தக் கணக்கில் சேர்ப்பது! 'பார்க் டவுன்' என்ற பேரே அந்தப் பூங்காவால் வந்ததுதான்.

மிருகக்காட்சிசாலையும் 1860களில் எழும்பூர் மியூசியத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. மியூசியம் செத்த காலேஜ், இது உயிர் காலேஜ். இந்தப் பேரைச் சூட்டிய சென்னைக்காரன் யாரோ, அவனுக்கு ஒரு சிலை வைக்கலாம்.

1886 டிசம்பர் 31 அன்று பூங்காவில் நடந்த கண்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அந்தத் தீக்குக்கூட பூங்கா தப்பித்துவிட்டது. நல்ல காரியங்களுக்குத்தான் தப்பவில்லை. நாடகம் போட விக்டோரியா ஹால். 1900இல் மூர் மார்க்கெட். 1913இல் ரிப்பன் மாளிகை. பிறகு ஸ்டேடியம். எவனாவது வேலி போட்டு வளைத்திருந்தால் கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். ஒவ்வொன்றும் 'மக்களுக்காக' என்று வந்தால் மறுப்பது யார்?

மூர் மார்க்கெட்டை நினைத்து உருகுபவர்கள் என் மேல் பாய வேண்டாம். அங்கே விற்ற பழைய புத்தகங்கள் எனக்கும் உயிர். ஆனால் அந்த அழகான செங்கல் கட்டடமும் பூங்காவை விழுங்கித்தான் எழுந்தது. 1985 மே 30 அன்று அதுவும் எரிந்து, அந்த இடத்தில் புறநகர் ரயில் முனையம் வந்தது. வியாபாரிகளுக்கு அல்லிக்குளத்தில் கடை கொடுத்தார்கள். இப்போது அங்கே அல்லியும் இல்லை, குளமும் இல்லை. அதே வருஷம் உயிர் காலேஜும் வண்டலூரில் குடியேறிவிட்டது.

ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் மை லேடீஸ் பூங்கா என்று ஒரு துண்டு பாக்கி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்று சுரங்கப்பாதைப் படிக்கட்டு ஓரமாக உட்கார்ந்தோம். கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, பெரியப்பா விரலை நக்கியபடி சொன்னார்: "அப்ப பார்க்குலதான் சாப்ட்ருக்கோம்னு சொல்லு."