வாடகை மலிவு மட்டும் போதாது

கரீபியன் நாடான டொமினிக்கன் குடியரசின் வடகரையிலுள்ள சோசுவாவையும் கபரேட்டேயையும் வாடகை மலிவு என்பதற்காகவே ஓய்வுக்கால ஊர்களாக நான் படித்த ஒரு கட்டுரை பரிந்துரைப்பதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. மின்வெட்டு அங்கு சகஜம் என்பதால், இன்வெர்ட்டர் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், மொட்டைமாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், வாடகையில் மின்கட்டணம் சேர்ந்ததா என்பதையெல்லாம் வீடு பார்க்கும்போதே விசாரித்துவிட வேண்டும். ஏசி ஓடத் தொடங்கினால் வாடகையில் மிச்சம் பிடித்தது அதிலேயே கரைந்துவிடும். அந்நாட்டின் 171-07 சட்டப்படி ஓய்வூதியர் விசாவுக்கு மாதம் 1,500 டாலர் ஓய்வூதியமும், உடன்வரும் ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 250 டாலரும் காட்ட வேண்டும். முதுமையில் அலையோசையைவிட மருத்துவமனையின் அருகாமையே பெரிது என்பதால், நான் அதே கரையிலுள்ள பெரிய நகரமான புவேர்ட்டோ பிளாட்டாவையே முதலில் பார்ப்பேன், அதுவும் மழை மிகுந்த நவம்பர், டிசம்பர் மாதங்களில் வாடகைக்குத் தங்கிப் பார்த்த பிறகே வீடு வாங்குவேன்.