டிரங்குப் பெட்டியில் இருந்த ஒரே ராஜா

முகநூலைத் திறந்தால் எல்லாரும் ஆண்ட பரம்பரையாகவே இருக்கிறார்கள். ஒருவர் கையில் வாள், இன்னொருவர் பக்கத்தில் புலி. இத்தனை பேர் ஆண்டிருந்தால் ஏர் ஓட்டியது யார், கிணறு வெட்டியது யார் என்று கேட்கத் தோன்றும். எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை, வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டு பக்கம் தாத்தாவின் கொல்லை நிலத்திலேயே பதில் கிடந்தது.

தாத்தாவும் ஆயாவும் போய்ச் சேர்ந்தபின் பாகம் பிரிக்கலாம் என்று பேசி, மோட்டார் கொட்டாயைக் காலி செய்தோம். மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலையின் உருளை ஒன்று, துருப்பிடித்த தண்ணீர்ச் சால், எடை போடும் வீசைக் கல் சில, ஒரு டிரங்குப் பெட்டி. பழைய இரும்புக்காரரை வரச் சொல்லியாயிற்று. அவர் வருவதற்குள் பெட்டியைத் திறந்து பார்க்கலாமே என்று உட்கார்ந்தவன்தான், அன்று சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

பெட்டியில் இருந்த ஒரே ராஜா, ஸ்டாம்பில் தலை காட்டிய ஜார்ஜ் மன்னர். பெரும்பாலும் புரோநோட்டு, அதாவது கடன் வாங்கியவர் எழுதிக்கொடுக்கும் சீட்டு. தாத்தாவின் நைனா, அதாவது அப்பா, கைநாட்டு வைத்தவை. "தாங்கள் கேட்கும்போது தங்களிடமாவது தங்கள் ஆர்டர் பெற்றவரிடமாவது" என்று ஒரே வாசகம், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருகிறது. மூன்று வருஷத்தில் நோட்டு காலாவதியாகிவிடும், கோர்ட்டில் செல்லாது. அதனால் அதற்குள் வட்டியையும் அசலோடு சேர்த்துப் புது நோட்டு எழுதி வாங்கிவிடுவார்கள். அசல் வளர்வதை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் வயிறு எரிகிறது.

கடன் கொடுத்தது மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டிக்காரர். விதைக்கும்போது முன்பணம் கொடுப்பார், அறுத்ததும் அவர் மண்டிக்கே கொண்டுபோய்ப் போட வேண்டும். விலையையும் அவர்தான் சொல்வார். 1930களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க மந்தம் வந்து மல்லாட்டை விலை சரிந்தபோது, எங்கோ அமெரிக்காவில் வந்த காய்ச்சலுக்கு எங்கள் கொல்லை படுத்துக்கொண்டது. 1938இல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன் என்றால், 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி தள்ளுபடி. அசலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. எங்கள் பெட்டியில் அந்த வருஷத்துக்கு அப்புறம் பழைய மண்டி பெயரில் ஒரு நோட்டும் இல்லை. நிம்மதியாகப் பெருமூச்சு விடலாம் என்று பார்த்தால், அடுத்த கட்டு வேறொருவர் பெயரில் தொடங்குகிறது.

அப்புறம் ஒரு பித்தளை வில்லை, சுரங்க வேலையாளின் அடையாளம். அதில் வெறும் எண் மட்டும். தாத்தாவின் அண்ணன் தங்கவயலுக்குப் போனவர் என்று பெரியப்பாதான் சொன்னார். வட ஆற்காட்டிலிருந்து கோலார் சுரங்கத்துக்கு ஆயிரக்கணக்கில் போனார்கள், அதில் பெரும்பாலோர் சேரி ஜனங்கள். அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கியது. பாறை வெடித்துச் செத்தவர்கள், தூசியில் நுரையீரல் கெட்டவர்கள் கணக்கு தனி. 2001இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இந்தப் பெரிய தாத்தாவின் பெயரைச் சொல்ல இப்போது எங்கள் வீட்டில் பெரியப்பா ஒருவர்தான் மிச்சம். எண் மட்டும் பளபளவென்று இருக்கிறது.

ஆயா பெயர் எந்தப் பத்திரத்திலும் கிடையாது. அடகுக்கடைச் சீட்டில் மட்டும் "மேற்படியார் மனைவி கம்மல் ஒரு ஜோடி" என்று வருகிறாள். நிலத்தில் உழைத்ததில் பாதி அவள்தான், கவலை ஓட்டும்போது மடை திருப்பியதும் அவள்தான். பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 1989இல். அதுவும் அதற்கு முன்பே கல்யாணமாகிப் போன பெண்களுக்கு 2005 வரை இல்லை. எங்கள் அத்தைமார் எல்லாரும் அதற்கு முன்பே போனவர்கள்.

இதைத்தான் பூர்வீகம் என்கிறேன். கடன்பட்டதில் என்ன கேவலம்? வட்டிமேல் வட்டி கட்டியும் நிலத்தை விடாமல் பிடித்து வைத்திருந்தார்களே, அதைச் சொல்ல ஏன் கூச்சம்? வாளைக் கற்பனை செய்பவன் இந்தக் கைநாட்டைக் குப்பையில் போடுகிறான். என் கோபம் அதன்மேல்தான்.

உங்கள் வீட்டிலும் பெட்டி இருந்தால் இரும்புக்காரருக்கு முன்னால் நீங்கள் திறங்கள். கிஸ்தி (நிலவரி) ரசீதில் பசலி 1345 என்று வரிக்கணக்கு வருஷம் இருந்தால் 590ஐக் கூட்டுங்கள். 1935 ஜூலையில் தொடங்கிய வருஷம். ஜில்லா பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வட ஆற்காடு 1989இல் இரண்டானது, 2019இல் வேலூரே மூன்றானது. கொள்ளுத்தாத்தா எந்த மாவட்டம் என்று பேரப்பிள்ளைகளுக்கு விளக்கவே தனி வகுப்பு எடுக்கணும். பெரியவர்கள் இருக்கும்போதே எந்தச் சாமான் யாருடையது என்று கேட்டு, செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். கடற்கரை ரிசார்ட்காரர்கள் கவலை உருளைக்கு நல்ல விலை தருகிறார்களாம், வரவேற்பறையில் வைத்துப் பூச்செடி தொங்கவிட. விற்பது உங்கள் இஷ்டம். யார் இழுத்த வடம் அதில் ஓடியது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு விற்றால் போதும்.

சித்தப்பாவுக்கு நான் செய்வது எதுவும் பிடிக்கவில்லை. "நாளைக்குச் சம்பந்தம் பேச வர்றவன் இதைப் பார்த்தா என்னடா நினைப்பான்?" என்கிறார். நிலம் வாங்கிய கிரயப் பத்திரத்தை மட்டும் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டலாம் என்பது அவர் கட்சி. சரி, மாட்டட்டும். பக்கத்திலேயே ஒரு புரோநோட்டையும் ஆயாவின் அடகுச் சீட்டையும் மாட்டச் சம்மதித்தால் மூன்று ஃபிரேமுக்கும் நானே பணம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.