பெற்றோல் செற் வாசலில் ஆட்சி மாற்றம்

(யாழ்ப்பாணம், 2022 ஜூலை 15. பெற்றோல் வரிசையில் மூன்றாம் நாள். மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி அண்ணை. அவருக்குப் பின்னால் கைபேசியும் கையுமாகத் தம்பி.)

தம்பி: அண்ணை, ஜனாதிபதி கோட்டாபய விலகிவிட்டார்! சபாநாயகர் அறிவித்துவிட்டார்.

அண்ணை: வரிசை அசைந்ததா?

தம்பி: இல்லை.

அண்ணை: அப்ப ஆறுதலாகச் சொல்லு.

தம்பி: 13ஆம் திகதி விடியமுன்னமே விமானப்படை விமானத்தில் மாலைதீவு, அங்கிருந்து சிங்கப்பூர். கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார்.

அண்ணை: அந்த விமானத்துக்கு எந்த செற்றில் எண்ணெய் அடித்தார்கள்? அதை விசாரி.

தம்பி: பகிடி விடாதீர்கள். 9ஆம் திகதி சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல் குளத்தில் குளித்ததைப் பார்த்தீர்கள்தானே?

அண்ணை: பார்த்தேன். இங்கே கரண்ட் இல்லாமல் தாங்கிக்குத் தண்ணீர் ஏறவில்லை. போயிருந்தால் நானும் ஒரு முழுக்குப் போட்டிருப்பேன். சவர்க்காரம் விற்கிற விலைக்கு அதையும் அங்கேயே தேடியிருப்பேன்.

தம்பி: உள்ளே 1 கோடியே 78 இலட்சம் ரூபா இருந்ததாம். பெடியள் எண்ணிப் பொலிஸிடம் கொடுத்துவிட்டார்கள்.

அண்ணை: எண்ணுவதற்கு எங்களைக் கூப்பிட்டிருக்கலாம். பொழுதாவது போயிருக்கும்.

தம்பி: 69 இலட்சம் பேர் வாக்குப் போட்ட ஆள் அண்ணை! இரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்தினார், வயல் படுத்தது. டொலர் முடிந்தது. பால்மாவுக்கு வரிசை, காஸுக்கு வரிசை...

அண்ணை: எனக்கா வரிசை சொல்லித் தருகிறாய்? 90களில் யுத்தம், எங்கள் பக்கத்துக்குப் பொருளாதாரத் தடை. மூக்குக்கு மருந்து விடுவதுபோல நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மிச்சத் தூரம் மண்ணெண்ணெயில் ஓடினோம். உன் அம்மா ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தாள். கொழும்பு இப்பதான் பாலர் வகுப்புக்கு வந்திருக்கிறது. இப்ப கூடாரம் அடித்துப் போராடுகிற காலிமுகத்திடலில், அப்ப எங்களுக்காக ஒரு கூடாரமும் அடிக்கவில்லை.

(தம்பி கொஞ்ச நேரம் கைபேசியைத் தடவுகிறார்.)

தம்பி: சரி, இனி ரணில் விக்கிரமசிங்கதான் பதில் ஜனாதிபதி. சத்தியப்பிரமாணமும் முடிந்தது.

அண்ணை: அவர் 2020 தேர்தலில் தோற்றவர் அல்லவா?

தம்பி: ஓம். கட்சிக்கே ஒரேயொரு ஆசனம், அதுவும் சனம் நேரே தெரிவு செய்யாமல் கட்சியே ஆளைப் போடுகிற தேசியப் பட்டியலில். அதில் வந்து இருந்தார். மே மாதம் பிரதமர், இன்றைக்கு இது.

அண்ணை: பார்த்தாயா? வரிசையிலேயே நிற்காத ஆள் பம்புக்குக் கிட்டப் போய்விட்டார்!

(தூரத்தில் ஹோர்ன் சத்தம்.)

தம்பி: பெற்றோல் பவுசர்! தள்ளுங்கள் அண்ணை, தள்ளுங்கள்!

(எங்கிருந்தோ வந்த ஒருவர், அண்ணைக்கும் தம்பிக்கும் நடுவில் தன் மோட்டார் சைக்கிளைச் செருகுகிறார்.)

தம்பி: இது யார்? மூன்று நாளாக இவரை நான் காணவில்லையே!

அண்ணை: என் மருமகன், தம்பி. தேசியப் பட்டியல்.