மீன் ஒன்றும் படவில்லையா?

2021 மே மாதத்தில் என் அண்ணனைக் காசிமேடு கல்லறையில் அடக்கம் செய்தபோது, குழியருகே நின்றவர்கள் நான்கே பேர். கொரோனா ஊரடங்கினால் ஆலயக் கதவுகள் அடைக்கப்பட்டிருந்தன. குருவானவரின் மன்றாட்டும் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. இருபது ஆண்டுகளாக விசைப்படகு எஞ்சின்களைப் பிரித்துச் சேர்த்து, எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கறுப்பு மாறாதிருந்த அந்தக் கைகளைக் கடைசியாக ஒருமுறை தொட அம்மாவுக்கு வாய்க்கவில்லை.

அந்த வாரத்தில் தொலைபேசியில் ஆறுதல் சொன்னவர்களுள் ஒருவர், உறுதியான விசுவாசத்தோடு ஜெபித்திருந்தால் ஆண்டவர் குணமாக்கியிருப்பார் என்று அண்ணியிடம் கூறினார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் பதினெட்டு நாள்கள் இரவும் பகலும் ஜெபமாலையைக் கையிலிருந்து இறக்காத ஒரு பெண்ணுக்கு, கணவனை இழந்த துயரத்தின் மேல், தன் ஜெபத்தில்தான் குறை இருந்ததோ என்ற குற்ற உணர்வையும் அவர் ஏற்றிவைத்தார். இன்றும் துக்க வீடுகளில் அதே பேச்சைக் கேட்கிறேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இது கிறிஸ்தவ நம்பிக்கை அன்று. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவர் செய்த பாவமும் அல்ல, அவருடைய பெற்றோர் செய்த பாவமும் அல்ல என்று இயேசு மறுத்துவிட்டார். பைபிளின் யோபு நூலில், பெருந்துன்பத்தில் விழுந்த யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் பேசாமல் அமர்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாய் திறந்து காரணம் கற்பிக்கத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். அந்த நூலின் முடிவில் கடவுள் கடிந்துகொள்வது அவர்களைத்தான். கதறி வழக்காடிய யோபுவை அன்று.

அப்போது நானும் கடவுளிடம் பேசுவதை நிறுத்தியிருந்தேன். ஒருநாள் விடியற்காலையில் அம்மா சுவரில் இருந்த இருதய ஆண்டவர் படத்தின் முன் அமர்ந்து, ஏன் கொண்டுபோனாய் என்று அழுதுகொண்டிருந்தார். இப்படிக் கேட்கலாமா அம்மா என்றேன். "அவர்கிட்ட கேக்காம வேற யார்கிட்டடா கேக்கச் சொல்ற?" என்றார். அதன்பிறகுதான் பைபிளில் சங்கீதம் என்றும் சொல்லப்படும் திருப்பாடல்களில் 88ஆவதை நிதானமாகப் படித்தேன். மற்றப் புலம்பல் பாடல்கள் பலவும் இறுதியில் நன்றியிலோ புகழ்ச்சியிலோ போய்ச் சேர, இது மட்டும் இருளைச் சொல்லியபடியே முடிந்துவிடுகிறது. அப்படி ஒரு பாட்டையும் நீக்கிவிடாமல் வேதத்துக்குள் வைத்துக் காத்திருக்கிறார்கள் என்பதே எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல். சிலுவையில் தொங்கியவரும், ஏன் என்னைக் கைவிட்டீர் என்று திருப்பாடலின் சொற்களைக்கொண்டுதானே கதறினார்?

பைபிளின் பழைய மொழிபெயர்ப்பில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று பவுல் சொல்லும் மூன்றும், 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்றாகியிருக்கின்றன. சி.எஸ்.ஐ. என்ற சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த நண்பர் நம்பிக்கை என்றால் எங்களுக்கு அது எதிர்நோக்கு. நாங்கள் நம்பிக்கை என்றால் அவருக்கு அது விசுவாசம். முதலில் எதிர்நோக்கு என்ற சொல் எனக்கு ஒட்டவில்லை. கத்தோலிக்கத் திருஅவை 2025ஆம் ஆண்டை யூபிலி ஆண்டாகக் கொண்டாடி, எங்களை எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்று அழைத்தபோதுதான் அதை மனத்தில் போட்டுப் பார்த்தேன். காசிமேட்டில் இருட்டு விலகுமுன்பே கூடையும் ஐஸுமாக வந்து, கடலைப் பார்த்து நிற்கிற பெண்களுக்கு, வருகிற படகில் என்ன இருக்கும் என்று தெரியாது. தெரியாமலேயே கூடையைக் கொண்டு வந்திருக்கிறார்களே, அதுதான் எதிர்நோக்கு என்று இப்போது நினைக்கிறேன். எல்லாம் சரியாகிவிடும் என்ற உறுதிமொழி யாரும் அவர்களுக்குக் கொடுத்ததில்லை.

எங்கள் இராயபுரம், இராயப்பர் என்று நாங்கள் அழைக்கும் பேதுருவின் பெயரைத் தாங்கிய ஊர். அந்த இராயப்பர், இயேசுவின் உயிர்ப்புக்குப் பின்னும் என்ன செய்வதென்று தெரியாமல் மீன்பிடிக்கத் திரும்பிப்போய், இரவு முழுவதும் ஒன்றும் கிடைக்காமல் இருந்த கதையை யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரம் சொல்கிறது. கரையில் நின்ற இயேசு கேட்ட முதல் கேள்வி, மீன் ஒன்றும் படவில்லையா என்பது. எங்கள் கடற்கரையில் அன்றாடம் கேட்கிற கேள்வி. மீன்பாடு என்கிறோம், ஆண்டவரின் திருப்பாடுகள் என்றும் சொல்கிறோம், இரண்டிலும் இருப்பது பாடு என்ற சொல்தான். அவர்கள் 153 மீன்களோடு கரையேறியபோது அங்கே கரிநெருப்பும், அதன்மேல் மீனும், அருகே அப்பமும் இருந்தன. இயேசுவை அறியேன் என்று மறுதலித்த இரவில் பேதுரு குளிர்காய்ந்ததும் ஒரு கரிநெருப்பில்தான். ஏன் மறுதலித்தாய் என்று அந்தக் காலையில் இயேசு கேட்கவில்லை; முதலில் சாப்பிடக் கூப்பிட்டார். என்மேல் உனக்கு அன்பு உண்டா என்ற கேள்வியெல்லாம் அவர்கள் உண்டு முடித்தபின்தான் வந்தது.

அண்ணன் இறந்தபின் நாங்கள் தனிமைப்படுத்தப்பட்டிருந்த பதினான்கு நாள்களும், காலை ஏழரை மணிக்கு எங்கள் வாசல் திண்ணையில் ஓர் எவர்சில்வர் தூக்கு வந்து அமர்ந்திருக்கும். அடியில் ஒடுக்கு விழுந்தது. மூடி தொலையாதிருக்கக் கைப்பிடியோடு சிவப்பு நூலால் கட்டியிருந்தது. நொய்க்கஞ்சியும், ஒரு காகிதத்தில் மடித்த பருப்புத் துவையலும் இருக்கும். எங்கள் அன்பியத்து, அதாவது அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழுவின், பெண்கள் முறைவைத்துக்கொண்டு செய்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அவர்களில் ஒருவரும் எங்களுக்கு வசனம் சொல்லவில்லை. என் விசுவாசத்தைக் காப்பாற்றியது எது என்று யாராவது கேட்டால், அந்தத் தூக்கைத்தான் சொல்வேன்.

எதிர்நோக்கு என்பது வாய் மூடிப் பொறுத்துக்கொள்வதும் அன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு சேர்ந்து எண்ணூர்க் கழிமுகமே கறுத்துப்போனபோது, மீனவர்கள் தண்ணீரில் இறங்கிக் குவளைகளால் எண்ணெயை அள்ளினார்கள். நிவாரணமும் கேட்டுப் போராடினார்கள். அது நம்பிக்கைக் குறைவு என்று எவரேனும் சொன்னால், எகிப்தில் அடிமைப்பட்டிருந்தோர் எழுப்பிய கூக்குரல் என் காதில் விழுந்தது என்று மோசேயிடம் சொன்ன கடவுளை அவர் அறியவில்லை என்பேன்.

அண்ணி இன்னும் சில நாள்களில் அழுகிறார். திருப்பலிக்கும் போகிறார். இரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் இப்போது தோன்றுவதில்லை. சென்ற வாரம் எங்கள் பின் தெருவில் ஓர் இளைஞர் விபத்தில் இறந்துபோனார். செய்தி வந்ததும் அந்தத் தாயிடம் என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அண்ணி அதற்குள் நொய்யைக் களைந்து அடுப்பில் ஏற்றிவிட்டு, "உப்பு போட்டேனா, இல்லையா, கொஞ்சம் பாரேன்" என்று கரண்டியை என்னிடம் நீட்டினார்.